ஒரே தாயைத் தொடர்ந்து பார்க்கும் மாணவி

மும்பையில் செவிலியர் மாணவிகளுக்கு மகப்பேற்றுப் பாடம் நடத்துகிறேன். அவர்களுடைய லாக் புக்கில் கையெழுத்திடுவதும் என் வேலைதான். இத்தனை கர்ப்பப் பரிசோதனை, இத்தனை பிரசவம், இத்தனை பேறுகாலக் கவனிப்பு என்று கணக்குக் கேட்கும் அந்தப் புத்தகம், பரிசோதித்த பெண்ணுக்கே அந்த மாணவி பிரசவமும் பார்த்தாளா என்று கேட்பதில்லை. பிரசவ வார்டில் மாணவி முதன்முதலாகச் சந்திக்கும் தாய்க்குப் பெரும்பாலும் கருப்பை வாய் பாதிக்கு மேல் திறந்திருக்கும். பெயரைக்கூடக் கேஸ் பேப்பரைப் பார்த்துத்தான் கூப்பிட வேண்டியிருக்கும்.

ஆஸ்திரேலியாவில் மிட்வைஃப் (பிரசவம் பார்ப்பதற்கென்றே பயிற்சி பெற்றவர்) படிப்பு அங்கீகாரம் பெறவேண்டுமானால், ஒவ்வொரு மாணவியும் குறைந்தது 10 பெண்களைக் கர்ப்ப காலத்திலிருந்து குழந்தை பிறந்த பிறகு வரை தொடர்ந்து கவனித்திருக்க வேண்டும். முன்பு அந்த எண்ணிக்கை 20 ஆக இருந்தது. இந்திய அரசும் 2018இல் மிட்வைஃப் சேவைகளுக்கான வழிகாட்டுதலை வெளியிட்டு, ஏற்கெனவே செவிலியராக இருப்பவர்களுக்கு 18 மாதப் பயிற்சியை வகுத்தது. இளநிலை மாணவிகள் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை என்று நினைத்து, தாராவியில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களில் ஆளுக்கொரு கர்ப்பிணியைச் சம்மதம் பெற்றுத் தொடர்ந்து பார்க்கும்படி எங்கள் மாணவிகள் சிலரிடம் சொன்னேன்.

அப்படிப் போன ஒருத்தி, ஏழாம் மாதத்தில், தான் பார்த்துவரும் பெண் மோதிரத்தைக் கழற்றித் தாலிக் கயிற்றில் கோத்திருப்பதைக் கவனித்தாள். "வெயிலுக்கு விரல் வீங்குது சிஸ்டர், மாசமா இருந்தா எல்லாருக்கும் இப்படித்தான்னு அத்தை சொல்றாங்க" என்றாளாம் அந்தப் பெண். இரத்த அழுத்தம் 130/84; 140/90ஐத் தொடாததால், அன்றைக்கு மட்டும் பார்க்கிறவர்கள் சரியாக இருக்கிறது என்று எழுதி அனுப்பியிருப்பார்கள். ஆனால் நான்காம் மாதத்திலிருந்து 100/60 என்றே எழுதிவந்தவள் இந்த மாணவி. முன்பெல்லாம் மேல் அளவு 30, கீழ் அளவு 15 உயர்ந்தாலே அதைக் கர்ப்பகால இரத்த அழுத்த நோயின் அறிகுறியாகக் கொள்வார்கள். இப்போது அது வரையறையில் இல்லை என்றாலும், அப்படி உயர்ந்தவர்களை நெருக்கமாகக் கவனிக்க வேண்டும் என்பது மாறவில்லை. சிறுநீரில் புரதம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி அன்றே அவளை ஓபிக்கு அழைத்துச் சென்றாள் மாணவி. 'முந்தைய அளவோடு ஒப்பிடு' என்று நான் எத்தனை முறை கரும்பலகையில் எழுதியிருப்பேன்! அந்த முந்தைய அளவுகளைத் தன் கையால் எழுதியவளுக்குத்தான் அது உறைத்தது.

சிக்கல்களும் உண்டு. நள்ளிரவில் வலி கண்டால் விடுதி வார்டனின் அனுமதிக் கடிதம் வேண்டும். அது வருவதற்குள் குழந்தை பிறந்துவிடும். அதைவிடப் பெரியது வளைகாப்பு. தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பதால், ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளையல் அடுக்கியதும் பெண் திருநெல்வேலிக்கு ரயில் ஏறிவிடுகிறாள்; அங்கே பிக்மி எண் (தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளுக்குத் தரும் பதிவு எண்) பதிவிலிருந்து எல்லாம் புதிதாகத் தொடங்குகிறது. வழக்கத்தைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, அம்மாவின் பக்கத்தில் இருப்பதும் ஒரு கவனிப்புதானே. ஆகவே ஊருக்குப் போகிறவர்களுக்கு அதுவரையிலான அளவுகளையும் மாத்திரைகளையும் எச்சரிக்கைக் குறிப்புகளையும் ஒரே தாளில் தமிழில் எழுதித் தாய்சேய் அட்டையோடு வைத்துக் கொடுப்பதை மாணவியின் பயிற்சியிலேயே சேர்த்துவிட்டேன். அடுத்த வகுப்புக்கு இரண்டாம் பிரசவத்துக்குக் காத்திருக்கும் பெண்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கச் சொல்லியிருக்கிறேன். அவர்கள் பெரும்பாலும் இங்கேயே பெற்றுக்கொள்கிறார்கள்.