கத்திரி வெயிலும் பட்டி நாய்களும்

ஏப்ரல் 27, 2025

காங்கேயத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் தெருநாய்கள் இரவில் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொல்வது ஓயாததால், கொறங்காடு என்னும் வேலியடைத்த மேய்ச்சல் நிலத்தில் அடையும் எங்கள் நாற்பது செம்மறிகளுக்கு இரண்டு நாய்கள் காவல் இருக்கின்றன. வெள்ளையன் இராஜபாளையம்; கருப்பி எந்த இனத்துக்கும் சொந்தம் கொண்டாடாத நாட்டுநாய். பகலெல்லாம் கிளுவை வேலியோரம் அவை கால் நீட்டிக் கிடப்பதைப் பார்த்து நான் அலுத்துக்கொண்டபோது, ஆடு மேய்க்கும் பெரியவர், "சோம்பல் இல்லீங்க தம்பி, ராத்திரி வேலை பாத்த அசதிங்க. பகல்ல தூங்கினாத்தான் ராத்திரி முழிச்சிருக்குமுங்க" என்றார். இந்தக் கோடையில் நான் காக்க வேண்டியது அந்தத் தூக்கத்தைத்தான் என்பது அப்போதுதான் உறைத்தது.

மே 4

அக்கினி நட்சத்திரம் தொடங்கிவிட்டது. நாய்களுக்கென்று போன ஆண்டு போட்ட தகரக் கொட்டகைக்குள் மதியம் இரண்டு மணிக்குக் கையை நீட்டினேன், அடுப்படிச் சூடு. இரண்டும் ஒருநாள்கூட அதற்குள் படுக்காததை முன்பே கவனித்திருந்தால் இன்னொரு கோடை வரை காத்திருக்க வேண்டியிருந்திருக்காது. தகரத்தைப் பிரித்துவிட்டு, வெள்வேல மரத்தடியில் நாலு பக்கமும் காற்று நுழையும்படி தென்னங்கீற்றுப் பந்தல் போட்டோம்.

கருப்பி பறித்து வைக்கும் குழியை இதுவரை நான் தவறாமல் மூடிவந்தேன். இன்று மேல்மண்ணையும், குழிக்குள் ஒரு சாண் ஆழத்து மண்ணையும் மாறிமாறித் தொட்டுப் பார்த்தபோது, மேலே உள்ளங்கை சுட்டது, உள்ளே குளுமையாக இருந்தது. இனி மூடப்போவதில்லை, காலையில் அரைக் குடம் தண்ணீரும் தெளிப்பேன்.

மே 9

தவறு முழுக்க என்னுடையது. தீவனம் இறக்க வண்டி வந்ததால், ஆள்மேல் பாய்ந்துவிடக் கூடாதென்று பத்து மணிக்கு வெள்ளையனை வேப்பமர நிழலில் சங்கிலியால் கட்டியவன், வண்டி போன பிறகு அவிழ்க்க மறந்துவிட்டேன். நிழல் நகர்ந்துவிட்டது; சங்கிலி நகரவில்லை. ஒரு மணிக்குப் போனபோது நாக்கு அகன்று தொங்க, ஈறு செக்கச்சிவந்திருக்க, எச்சில் நூலாக வழிய, கூப்பிட்டும் திரும்பாமல் தள்ளாடி நின்றது. நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை. மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றியாக வேண்டும், அந்த இரைப்பே போதாமல் போயிருந்தது. வழக்கமாக 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் இருக்க வேண்டிய உடல்சூடு 106ஐத் தொட்டிருந்தது.

தொலைபேசியில் கால்நடை மருத்துவர், முதலில் குளிர வைத்துவிட்டுப் பிறகு கொண்டுவரச் சொன்னார். குழாய்த் தண்ணீரை வயிறு, தொடையிடுக்கு என்று உடம்பு முழுவதும் ஊற்றிக்கொண்டே மின்விசிறியைத் திருப்பி வைத்தோம். ஈரச் சாக்கைப் போர்த்தவா என்று கேட்டதற்கு, அது சூட்டை உள்ளேயே அடைத்துவிடும் என்று தடுத்தார். 103க்கு இறங்கியதும் ஊற்றுவதை நிறுத்தினோம். அதற்குப் பிறகும் சூடு தானாகவே இறங்கும் என்பதால் விட்டுவிட வேண்டுமாம்.

மே 10

வெள்ளையனுக்கு நரம்பு வழியாக மருந்துநீர் ஏறுகிறது. சிறுநீரகப் பாதிப்பு ஓரிரு நாள் கழித்துத் தெரியவரலாம் என்பதால் இரத்தப் பரிசோதனைக்கு மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். நேற்றிரவு கருப்பிக்குத் துணையாக நான் கைவிளக்கோடு படலுக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். இன்று பகலில் பந்தலின் கீழ் கயிற்றுக் கட்டிலைப் போட்டுக்கொண்டு நானும் கால் நீட்டிக் கிடந்தேன். எழுப்ப வந்தவர்கள்மேல் எரிச்சல் வந்தது.

மே 18

வெள்ளையன் தேறிவிட்டது. கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டியில் மதியத் தண்ணீர் வெந்நீராவதால், நிழலில் புதைத்த மண்தொட்டிக்கு மாறியிருக்கிறோம். கம்பஞ்சோறும் மோரும் பொழுது சாய்ந்த பிறகுதான். வெள்ளையனின் இளஞ்சிவப்பு மூக்கு வெயிலில் உரிந்திருக்கிறது. நாம் பூசும் களிம்பில் துத்தநாகம் இருந்தால் நக்கி விழுங்கும் நாய்க்கு அது நஞ்சு என்பதால், நிழலைத் தவிர வேறு மருந்து பார்க்கவில்லை. காதுமடலில் உண்ணி பார்ப்பது தினசரி வேலையாகிவிட்டது.

மே 26

கேரளத்தில் 24ஆம் தேதியே பருவமழை தொடங்கிவிட்டது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இங்கே வந்து சேர்ந்து, பந்தல் கீற்று சலசலக்கிறது. மதியம் போனபோது குழியில் கருப்பியும், அதன் முதுகில் தாடையை வைத்து வெள்ளையனும் தூங்கிக்கொண்டிருந்தன. என் காலடி கேட்டு வெள்ளையனின் ஒரு காது மட்டும் எழுந்தது. ஆள் தெரிந்ததும் மறுபடி மடிந்துகொண்டது.