மோரிஸ் மைனருக்கு ஒரு சைலன்சர்

என் பழைய பிரிட்டிஷ் காரான 1098 சிசி மோரிஸ் மைனரின் சைலன்சர் வெளியே பார்க்கக் கறுப்பு மாறாமல் நன்றாகவே இருந்தது. ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தட்டியபோதுதான் உள்ளே துருச் செதில்கள் சலசலத்தன. அடிப்பக்க மடிப்பு விரல் பட்டதும் பொடிந்தது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியேறுகிறது. பழைய கார்கள் பெரும்பாலும் சிறிது தூரமே ஓடுகின்றன. சைலன்சர் முழுதாகச் சூடேறுவதற்குள் எஞ்சினை நிறுத்திவிடுகிறோம்; ஆவி உள்ளேயே நீராகி, புகையின் அமிலத்தோடு தேங்கி, தகட்டைத் தின்கிறது.

அதனால் சாதாரண எஃகு வேண்டாம் என்று முதலிலேயே முடிவு செய்தேன். ஆனால் 'ஸ்டெயின்லெஸ்' என்ற சொல்லை மட்டும் நம்பி வாங்கவும் கூடாது. 409 ரகத்தில் குரோமியம் சுமார் 11 சதவீதம்தான், வெளிப்புறம் பழுப்பேறும். 304 ரகத்தில் குரோமியம் 18, நிக்கல் 8 சதவீதம். 409-இல் காந்தம் ஒட்டும், 304-இல் பெரும்பாலும் ஒட்டாது. சட்டைப் பையில் ஒரு சிறு காந்தத்தோடுதான் கடை ஏறினேன்.

எனக்கு மிக முக்கியமாகப் பட்டது உள்ளமைப்புதான். டார்ச் அடித்து வாய் வழியாகப் பார்த்தால் மறுமுனை வெளிச்சம் நேராகத் தெரிந்தது ஒரு வகை: துளையிட்ட குழாய், அதைச் சுற்றிக் கண்ணாடி இழைப் பஞ்சு. கீச்சென்ற உயர் ஒலிகளை அது நன்றாக விழுங்கும். தாழ்ந்த ஒலிகளை அவ்வளவாக அடக்காது. நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்றில் விநாடிக்கு 100 முறை வெடிக்கிறது. அந்த ஆழ்ந்த ரீங்காரம் சிறிய கார் அறைக்குள் புகுந்துகொண்டால் நீண்ட பயணம் நரகம். பஞ்சும் நாளடைவில் எரிந்து உதிரும். நின்ற இடத்தில் உறுமவிட்டுக் காட்டும்போது கம்பீரமாகத்தான் இருக்கும். ஆனால் நாம் கேட்கப்போவது ஓடும் வேகத்தில் எழும் ஒலியை. தடுப்புத் தகடுகளும் அறைகளும் கொண்ட மற்ற வகையையே 304-இல் தேர்ந்தெடுத்தேன். மைனருக்கே உரிய அந்த மெல்லிய 'பர்ர்' ஒலி என்னைப் பொறுத்தவரை காரின் பாதி உயிர். அதை இழக்க மனமில்லை.

குழாயின் விட்டத்தைப் பெரிதாக்கச் சொன்னவர்கள் உண்டு. இவ்வளவு சிறிய எஞ்சினுக்கு அகலக் குழாய் புகையின் வேகத்தைக் குறைக்குமே தவிர, வலுவைக் கூட்டாது. பழைய அளவையே வைத்துக்கொண்டேன்.

பொருத்தும்போது எல்லா இணைப்புகளையும் தளர்வாக வைத்து, முழுக் குழாயையும் தொங்கவிட்டுச் சரிபார்த்த பிறகே கிளாம்புகளை முறுக்கினேன். 304 சூட்டில் சாதாரண எஃகைவிட அதிகமாக நீளும்: 2 மீட்டர் குழாய் 200 டிகிரி சூடேறினால் கிட்டத்தட்ட 7 மில்லிமீட்டர். ரப்பர் தாங்கிகளில் அதற்கு இடம் விட வேண்டும். இல்லாவிட்டால் குழாய் அடித்தட்டில் இடித்துக்கொண்டே வரும்.

புது சைலன்சரோடு பெட்ரோல்-காற்றுக் கலவை சரியாக இருக்கிறதா என்று பார்க்க, அடுத்து அதைக் கலந்து தரும் எஸ்யூ கார்புரேட்டர். எஞ்சின் சூடான பின் கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனை, அதைத் தூக்குவதற்கென்றே உள்ள சிறு முளையால் மிக லேசாகத் தூக்கினேன். எஞ்சின் சுற்று ஒரு கணம் ஏறிப் பழைய நிலைக்கு வந்தால் கலவை சரி. ஏறியே நின்றால் பெட்ரோல் அதிகம். எனக்கு இறங்கியது, அதாவது பெட்ரோல் போதவில்லை. பெட்ரோல் வரும் துளையான ஜெட்டின் நட்டைச் சற்றுக் கீழே திருப்பியதும் சீரானது. முதல் ஓட்டம் முடிந்து குழாய் ஆறியபின் கிளாம்புகளை இன்னொரு முறை முறுக்கினேன். இரண்டு நன்றாகவே தளர்ந்திருந்தன.