அத்தைக்குப் போட்ட பவுடர்

நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிற உதவியாளர் பயிற்சியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே எனக்கு மூக்கு உடைந்தது. வகுப்பில் இருந்த இருபத்திரண்டு பேரில் என்னைத் தவிர எல்லோருமே இருபதை ஒட்டிய பெண்கள். எனக்கு 41. "படுத்த படுக்கையா இருக்கறவங்கள யாராவது வீட்ல வச்சுப் பாத்திருக்கீங்களா?" என்று மேடம் கேட்டதும் பெருமையாகக் கையைத் தூக்கினேன். மாமியாருக்குப் பக்கவாதம் வந்து வலது கை கால் விழுந்தபோது எட்டு மாதம் நான்தான் பார்த்தேன். "அப்ப வாங்க, இவங்கள கொஞ்சம் மேல ஏத்திப் படுக்க வைங்க" என்று கட்டிலில் கிடந்த பொம்மையைக் காட்டினார். அதன் இரண்டு அக்குளிலும் கையைக் கொடுத்து, வீட்டில் செய்த வழக்கப்படி ஒரே இழுப்பாக இழுத்தேன்.

"இப்ப அவங்க முதுகுத் தோல் எங்க இருக்கு?" என்றார் மேடம்.

எனக்குப் புரியவில்லை. அவரே விளக்கினார். இழுக்கும்போது எலும்பும் சதையும் மேலே போய்விடும், தோல் மட்டும் விரிப்போடு ஒட்டிக்கொண்டு கீழேயே நிற்கும். நடுவில் இருக்கிற மெல்லிய ரத்தக்குழாய்கள் இழுபட்டு நசுங்கும். படுக்கைப்புண் பல நேரம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. அதோடு, விழுந்துபோன பக்கத்து அக்குளில் கை கொடுத்துத் தூக்கினால் தோள்மூட்டு நழுவிவிடும். அந்தப் பக்கத்துச் சதைக்கு மூட்டைப் பிடித்து வைக்கிற பலம் இருக்காது. அத்தை கடைசி மாதங்களில் தோள் வலி தோள் வலி என்று முனகியது அப்போதுதான் ஞாபகம் வந்தது. வாதத்தில் வருகிற வலி என்று நாங்களே முடிவு செய்து தைலம் தேய்த்துக்கொண்டிருந்தோம்.

சரியான முறை ரொம்ப எளிது. தோளிலிருந்து தொடை வரை வருகிற மாதிரி ஒரு விரிப்பைக் குறுக்கே மடித்துப் போட்டுவிட வேண்டும். டிரா ஷீட் என்பார்கள். பக்கத்துக்கு ஒருவராக இரண்டு பேர் நின்று, அதன் ஓரத்தை உடம்பை ஒட்டிச் சுருட்டிப் பிடித்து, முழங்காலை மடக்கி, ஒன்று இரண்டு மூன்று சொல்லித் தூக்கி நகர்த்த வேண்டும். இழுக்கவே கூடாது. ஒரு பழைய பருத்திப் புடவை போதும். எங்கள் வீட்டுப் பரணில் முப்பது புடவை கிடந்தது.

நான் சேர்ந்தது மதுரையில், தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகத்தின் இலவசப் பயிற்சியில். படிப்பின் பெயர் ஜெனரல் டியூட்டி அசிஸ்டன்ட், சுருக்கமாக ஜிடிஏ. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், ஆதார், பேங்க் பாஸ்புக், போட்டோ கொடுத்துச் சேர்ந்தேன். தினமும் விரல் வைத்து வருகைப்பதிவு. மூன்று மாதம் வகுப்பு, அப்புறம் ஒரு மாதம் மருத்துவமனையில். ஒன்றை மட்டும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இதை முடித்தால் நர்ஸ் ஆகிவிடலாம் என்று யாராவது சொல்லிப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். ஏஎன்எம், ஜிஎன்எம், பிஎஸ்சி நர்சிங் படித்தவர்களுக்குத்தான் நர்சிங் கவுன்சிலில் பதிவு. நாங்கள் அவர்களுக்குக் கீழே, அவர்கள் சொல்வதைச் செய்கிறவர்கள். ஊசி, மருந்து எதிலும் கை வைக்கக் கூடாது.

படுக்கைப்புண் பாடம் நடந்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உடம்பில் எலும்பு துருத்துகிற இடங்களை மேடம் ஒவ்வொன்றாகப் பொம்மையில் தொட்டுக் காட்டினார்: பின்மண்டை, தோள்பட்டை, முழங்கை, வால் எலும்பு, இடுப்பின் பக்கவாட்டு எலும்பு, குதிகால். ஒரே இடத்தில் அழுத்தம் நீடித்தால் அங்கே ரத்தம் ஓடாது. அதனால்தான் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிவிட வேண்டும் என்கிறார்கள். அத்தையை நான் புரட்டாமல் இல்லை. ஆனால் வால் எலும்புப் பக்கம் சிவந்ததைப் பார்த்ததும் தேங்காய் எண்ணெய் வைத்து நன்றாகத் தேய்த்துவிட்டேன், ஈரம் தங்கக் கூடாதென்று சந்தனப் பவுடரை அள்ளிப் போட்டேன், மெடிக்கல் கடையில் சொன்னார்கள் என்று காற்றடைக்கிற ரப்பர் வளையம் வாங்கி அடியில் வைத்தேன். மூன்றும் தப்பு. சிவந்த இடம் ஏற்கெனவே ரத்தம் கிடைக்காமல் தவிக்கிற இடம், தேய்த்தால் உள்ளே இன்னும் பிய்யும். பவுடர் வியர்வையோடு கட்டிபட்டு மணல் மாதிரி உரசும். வளையமோ தன்னைச் சுற்றி அழுத்தி, நடுவில் இருக்கிற இடத்துக்கு வருகிற கொஞ்சநஞ்ச ரத்தத்தையும் நிறுத்திவிடும்.

செய்ய வேண்டியது வேறு. ஒருக்களித்துப் படுக்க வைக்கும்போது செங்குத்தாக நிறுத்தாமல், முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து 30 டிகிரி அளவுக்கு மட்டும் சாய்க்க வேண்டும். அப்போது உடம்பின் பாரம் இடுப்பெலும்பின் மேல் நேராக இறங்காது. இரண்டு முழங்காலுக்கும் நடுவில் ஒரு தலையணை. கெண்டைக்காலுக்கு அடியில் இன்னொன்று, குதிகால் எதிலும் படாமல் அந்தரத்தில் நிற்கும்படி. விரிப்பில் சுருக்கம் இருக்கக் கூடாது, டயபர் நனைந்தால் உடனே மாற்ற வேண்டும்.

இன்னொரு விஷயம் எங்கள் புத்தகத்தில் இல்லை, மேடம் சொன்னார். புத்தகத்துப் படத்தில் இருப்பது வெள்ளைக்காரர் முதுகு. சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள், வெளுத்துத் திரும்பினால் பயமில்லை, சிவப்பாகவே நின்றால் புண்ணின் முதல் படி என்று அதில் போட்டிருக்கும். நம் ஊர்க் கறுத்த தோலில் அந்தச் சிவப்பே தெரியாது. சுற்றியிருக்கிற தோலைவிடக் கறுத்தோ நீலம் பாரித்தோ தெரியலாம். அதனால் கண்ணை மட்டும் நம்பாமல் புறங்கையை வைத்துப் பார்க்க வேண்டும். பக்கத்து இடத்தைவிடச் சூடாக இருக்கிறதா, கெட்டியாக இருக்கிறதா, கொழகொழவென்று இருக்கிறதா?

வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு கேட்டேன். "மேடம், எங்க அத்தைக்குப் புண்ணு வந்தது என்னாலயா?"

அவர் விரிப்பை மடித்துக்கொண்டே, "உங்களுக்கு யாரும் சொல்லித் தரல" என்றார். கொஞ்சம் கழித்து, "நாளைக்கு ஹேண்ட் வாஷ். நகம் வெட்டிட்டு வாங்க" என்றார்.

கை கழுவுவதற்கு ஒரு முழு நாளா என்று நானும்தான் நினைத்தேன். சோப்புப் போட்டு என்றால் 40 முதல் 60 விநாடி, சானிடைசர் என்றால் 20 முதல் 30 விநாடி. உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, கட்டைவிரல், நகக்கண் என்று வரிசை இருக்கிறது. வரிசை இரண்டு நாளில் வந்துவிடும். எப்போது கழுவுவது என்பதுதான் வராது. நோயாளியைத் தொடும் முன், சுத்தமாகச் செய்ய வேண்டிய வேலைக்கு முன், ரத்தம் சிறுநீர் மாதிரி எதுவும் பட்ட பின், நோயாளியைத் தொட்ட பின். இந்த நான்கும் யாருக்கும் ஞாபகம் இருக்கும். ஐந்தாவது, நோயாளியைத் தொடாமல் அவர் கட்டில் கம்பியையோ மேசையையோ தொட்டாலும் கழுவ வேண்டும் என்பது. அதைக் கடைசி வரை மறந்துகொண்டே இருந்தேன். அன்றைக்கு நடந்த பெரிய கலாட்டா வளையல். மோதிரம், வளையல், வாட்ச் எதுவும் கூடாது. புதிதாகக் கல்யாணமான ஒரு பெண் கண்ணாடி வளையலைக் கழற்ற மாட்டேன் என்று அழுதாள். மறுநாள் அவள் மாமியாரே உடன் வந்து, "ஆஸ்பத்திரில கழட்டு, வீட்டுக்கு வந்து போட்டுக்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாடி பார்ப்பது, பிபி பார்ப்பதெல்லாம் எதிர்பார்த்ததைவிடச் சுலபமாக வந்தது. நாடியைக் கட்டைவிரலால் பார்க்கக் கூடாது, அதற்கே ஒரு துடிப்பு உண்டு, நம்முடையதையே எண்ணிக்கொண்டிருப்போம். மூச்சு எண்ணுவதில் ஒரு சின்னத் திருட்டுத்தனம் உண்டு. "மூச்சு எண்ணப் போறேன்" என்று சொன்னால் யாராக இருந்தாலும் மூச்சை மாற்றிவிடுவார்கள். அதனால் நாடியை எண்ணி முடித்த பிறகும் மணிக்கட்டை விடாமல் பிடித்துக்கொண்டு, அடுத்த ஒரு நிமிடம் நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ண வேண்டும். பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை இருக்கும்.

மருத்துவமனைக்குப் போன மூன்றாம் நாள் இந்தச் சுலபம் என்னைக் கவிழ்த்தது. ஒரு பெரியவருக்கு பிபி பார்க்கச் சொன்னார்கள். இடது கை எனக்கு வாகாக இருந்தது, பட்டையைச் சுற்றப் போனேன். அவர் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். "அந்தக் கை வேணாம்மா. அதுதான் என் உசுரு." முன்கையில் கயிறு மாதிரி புடைத்திருந்தது. டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்து வைத்திருக்கிற ஃபிஸ்டுலா. அந்தக் கையில் பிபி பார்க்கக் கூடாது, ரத்தம் எடுக்கக் கூடாது. வகுப்பில் எழுதியும் வைத்திருந்தேன். சிஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்கினார். நியாயம்தான். அன்றிலிருந்து பட்டையை எடுக்கும் முன் "எந்தக் கையில பாக்கலாம்யா?" என்று கேட்கிறேன், டயாலிசிஸ் இல்லாதவர்களிடமும்.

அந்த ஒரு மாதத்தில் மலம், மூத்திரம், வாந்தி எல்லாம் பழகிவிட்டது. நாற்றத்தைவிடக் கஷ்டம் அவர்கள் முகம். முதன்முதலில் ஒரு ஆண் நோயாளிக்கு, படுத்தபடியே மலம் கழிப்பதற்கான பெட் பேன் வைக்க உதவியபோது, அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். என் அப்பா வயது. திரையை இழுத்து மூடி, போர்வையை எடுக்காமல் அதற்குள்ளேயே கையை விட்டு வேலையைச் செய்வது எப்படி என்று கூட இருந்த அண்ணன் காட்டினார். பதினைந்து வருடமாக அங்கே வார்டு பாயாக இருக்கிறவர். வகுப்பில் கிடைக்காத பாதிப் பாடம் அவரிடம் கிடைத்தது. "சொல்லிட்டுத் தொடு" என்பது அவர் மந்திரம். "தாத்தா, இப்ப உங்களை வலப்பக்கம் திருப்பறேன், பயப்படாதீங்க." நினைவில்லாமல் கிடப்பவரிடமும் இதைச் சொல்வார். பதில் வராத ஆளிடம் பேச எனக்கு முதலில் கூச்சமாக இருந்தது.

உடம்பு துடைத்துவிடும்போது கண்ணை மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்புறமாகத் துடைப்பது, பெண்களுக்கு முன்னிருந்து பின்னாகக் கழுவுவது, யூரின் பையை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்கவிடுவது, ஆனால் தரையில் படவிடாமல் பார்ப்பது என்று சின்னச் சின்னதாக நிறைய. ஜாக்கெட் போட்டுவிடும்போது விழுந்த கைக்கு முதலில், கழற்றும்போது நல்ல கையிலிருந்து முதலில். இதை யாராவது முன்பே சொல்லியிருந்தால் எட்டு மாதம் தினமும் காலையில் நடந்த போராட்டம் நடந்திருக்காது. குப்பைக் கூடையின் நிறங்களை நான் பாட்டாகப் பாடி மனப்பாடம் செய்தேன். புண் துடைத்த பஞ்சு மஞ்சளுக்கு, டியூபும் யூரின் பையும் சிவப்புக்கு, ஊசி வெள்ளை டப்பாவுக்கு, கண்ணாடிக் குப்பி நீலத்துக்கு.

கஞ்சி கொடுப்பதைப் பற்றி எழுதாமல் விடலாம் என்றுதான் இருந்தேன். பக்கவாதம் வந்தவரை நன்றாக நிமிர்த்தி உட்கார வைத்து, தாடையைக் கொஞ்சம் கீழே இறக்கச் சொல்லி, நல்ல பக்கத்துக் கன்னத்தில் சிறு வாயாகக் கொடுக்க வேண்டும். விழுங்கிய பிறகு அடுத்த வாய். முடிந்ததும் விழுந்த பக்கத்துக் கன்னத்தில் சோறு ஒதுங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அரை மணி நேரமாவது படுக்க வைக்கக் கூடாது. இருமினாலோ குரல் கரகரத்தாலோ நிறுத்திவிட்டு சிஸ்டரைக் கூப்பிட வேண்டும். நான் அத்தைக்குப் படுத்த வாக்கிலேயே பாலாடையில் ஊற்றினேன். இருமினால் தலையில் தட்டினேன். அத்தை போனது நெஞ்சுச் சளியில். இதை மேடத்திடம் கேட்கவில்லை.

பரீட்சைக்கு வெளியிலிருந்து ஒருவர் வந்தார். எழுத்துத் தேர்வு தமிழிலேயே இருந்தது. செய்முறையில் எனக்கு வந்தது கட்டிலிலிருந்து வீல் சேருக்கு மாற்றுவது. சேரை நல்ல கை கால் இருக்கிற பக்கம் போட்டேன், பிரேக் போட்டேன், முதலில் கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு உட்கார வைத்து "தலை சுத்துதா?" என்று கேட்டேன், இடுப்புப் பட்டையைப் பிடித்து முழங்காலை மடக்கித் தூக்கினேன். கால் வைக்கிற தட்டை மடக்கி வைக்க மறந்துவிட்டேன். நோயாளியாக நடித்த பெண்ணின் கணுக்காலில் டங்கென்று இடித்தது. அதற்கு மார்க் போனது. வாய்மொழித் தேர்வில் "படுக்கைப்புண் வராம இருக்க என்ன செய்வீங்க?" என்று கேட்டார். நான் பேச ஆரம்பித்து, குதிகால் வரைக்கும் வருவதற்குள் "போதும்மா, போதும்" என்று கையைக் காட்டிவிட்டார். பாஸ்.

இப்போது ஒரு வீட்டில் இரவு டியூட்டி, 12 மணி நேரம். ஏஜென்சி பிடித்துக்கொள்வது போக இரவுக்கு 650 ரூபாய் கையில் வருகிறது. வேலைக்குப் போகிறவர்கள் முதல் நாளே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், பாத்திரம் தேய்ப்பது என் வேலையில் சேருமா என்பதையும் சேர்த்து. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணை, அதையும் போட்டுக்கொள்ளுங்கள். "டிரிப்ஸ் முடிஞ்சிருச்சு சிஸ்டர், கழட்டிருங்க" என்று கேட்பார்கள். நான் சிஸ்டர் இல்லை என்பதைச் சொல்லிச் சொல்லித்தான் பழக்க வேண்டும்.

நான் பார்க்கிற பாட்டிக்கு 78 வயது, இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனவர். எப்படித் திருப்பலாம், எந்தப் பக்கம் கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்ததைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன். நான் போன முதல் நாள் கட்டிலில் அதே ரப்பர் வளையம் இருந்தது. எடுத்துவிடலாம் என்றேன். பேத்தி கேட்கவில்லை. ஆன்லைனில் நல்ல ரேட்டிங் பார்த்து வாங்கியதாம். அதனால் பகலில் அவர்களுடைய வளையம், இரவில் என்னுடைய தலையணைகள். இன்றைக்குக் காலை கிளம்பும்போது புறங்கையை வைத்துப் பார்த்தேன், வால் எலும்புப் பக்கம் லேசாகச் சூடு. நோட்டில் எழுதினேன். பேத்தியைக் கூப்பிட்டு, அவள் கையையும் பிடித்து அங்கே வைத்தேன். "பக்கத்துல தொட்டுப் பாரும்மா, இப்ப இங்க தொடு." தொட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் நின்றாள். ஏழே முக்கால் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நான் கிளம்பிவிட்டேன்.