50 மைக்ரோவாட் (அக்கா)

"அக்கா, எவ்வளவு பவர் வச்சீங்க?"

"நீ வச்சிருந்ததுதான்டா."

பேச்சு அவ்வளவுதான். ஆறு வருடம் ஆகிவிட்டது. இடையில் எத்தனையோ ஃப்ளேக் (படிகத்திலிருந்து உரித்தெடுத்த மெல்லிய சில்லு) உடைந்திருக்கிறது, எரிந்திருக்கிறது, அசிட்டோனில் மிதந்து காணாமல் போயிருக்கிறது. அவை எதையும் நான் இப்படித் திரும்பத் திரும்ப நினைப்பதில்லை.

லேபில் லேசர் மேசையில் அவன் ஸ்லாட் ஏழு மணிக்கு முடியும், அப்புறம் என்னுடையது. மெஸ் மூடிவிடுவார்கள் என்று சாம்பிளை ஸ்டேஜிலேயே விட்டுவிட்டு ஓடினான். "இருக்கட்டும், நான் பாத்துக்கறேன்" என்று சொன்னதும் நான்தான். டங்ஸ்டன் டைசெலினைடு என்ற படிகத்தின் மோனோலேயர், அதாவது ஒற்றை அடுக்கு, 12 மைக்ரான் நீளம். மூன்று வாரம் டேப்பை ஒட்டி ஒட்டிப் பிரித்து, சிலிக்கான் துண்டுகளை ஒவ்வொன்றாக மைக்ரோஸ்கோப்பில் துழாவி அவன் கண்டெடுத்தது. சுற்றிலும் தடித்த துண்டுகள் மஞ்சளும் நீலமுமாகக் கிடக்க, நடுவில் லேசான கறை மாதிரி இருக்கும். தடிமன் முக்கால் நானோமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. தடித்த துண்டில் லேசரைக் காட்டினால் ஒளி என்று சொல்லும்படி எதுவும் திரும்பி வராது. ஒற்றை அடுக்கில் மட்டும் 750 நானோமீட்டர் அலைநீளத்துக்குப் பக்கத்தில் ஒளியின் முகடு நிமிர்ந்து நிற்கும். இதே வகைப் பொருளான மாலிப்டினம் டைசல்ஃபைடில் இதை 2010இல் கொலம்பியா, பெர்க்லி பல்கலைக்கழகங்களில் பார்த்த பிறகுதான் எங்களைப் போன்ற ஆயிரம் பேருக்கு வேலையே வந்தது.

திரையில் அவன் எடுத்த ஸ்பெக்ட்ரம், எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஒளி என்ற வரைபடம், இருந்தது. முகட்டின் சிவப்புப் பக்கத்தில் சின்னதாக ஒரு தோள். எலெக்ட்ரானும், எலெக்ட்ரான் விட்டுப்போன காலியிடமான துளையும் கட்டிக்கொண்டிருப்பது எக்ஸைட்டான்; அதோடு இன்னொரு எலெக்ட்ரான் ஒட்டிக்கொண்டால் அது ட்ரையான். ஆற்றல் 30 மில்லி எலெக்ட்ரான் வோல்ட் போலக் குறைவாக வரும். தோள் ட்ரையானா, இல்லை படிகக் குறைபாடுகளில் சிக்கிய எக்ஸைட்டானின் ஒளியா? பவரை ஏற்றினால் தெரியும். குறைபாடு என்றால் சீக்கிரமே நிரம்பி நின்றுவிடும். ட்ரையான் அவ்வளவு எளிதில் நிற்காது. கேட்கத் தகுந்த கேள்விதான், இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். படிப்படியாக ஏற்றியிருக்க வேண்டும், அதுதான் முறை. நானோ, லேசர் ஒளியைக் குறைக்க வைத்திருந்த, 1.5 என்று போட்டிருந்த ஃபில்டரை அப்படியே உருவினேன்.

இந்த ஃபில்டர்களில் எழுதியிருக்கும் எண் லாகரிதம். 1.5ஐ எடுத்தால் ஒளி ஒன்றரை மடங்கு ஏறாது, 30 மடங்கு ஏறும். முதல் வருட மாணவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. 50 மைக்ரோவாட் 1.5 மில்லிவாட் ஆனது. கேட்க ஒன்றுமில்லாத எண்தான். ஆனால் அதை ஒரு மைக்ரான் புள்ளியில் குவித்தால் உச்சி வெயிலைப் போல ஏறக்குறைய 20 லட்சம் மடங்கு. ஏசி அறையில் உட்கார்ந்திருப்பவருக்கு அது உறைப்பதில்லை.

முதல் எக்ஸ்போஷரில் முகடு ஜோராக ஏறியது. இரண்டாவதில் பாதி. மூன்றாவதில் அகலமான ஒரு மேடுதான் மிச்சம். கேமராவைப் போட்டுப் பார்த்தேன். ஃப்ளேக்கின் நடுவில் கரும்புள்ளி.

ஃபில்டரைத் திரும்ப வைத்தேன். இந்த இடத்தில்தான் எப்போதும் மாட்டிக்கொள்கிறேன். மறைக்க வைத்தேனா, வேலை முடிந்ததும் எடுத்ததை எடுத்த இடத்தில் வைக்கும் பழக்கத்தில் வைத்தேனா? பழக்கம் என்றுதான் பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் உள்ளே வந்து கேட்டபோது பதில் தயாராக இருந்ததை நினைத்தால் அப்படித் தோன்றவில்லை. யோசித்துச் சொன்ன பொய் இல்லை அது. ஆனால் யோசிக்காமல் சொன்னதாலேயே அது பொய் இல்லாமல் போகுமா என்ன.

அவன் கோபப்படவில்லை. "காத்துல இருந்ததாலயா இருக்கும்க்கா" என்றான். எனக்கு அவனே ஒரு காரணத்தை நீட்டினான், நான் வாங்கிக்கொண்டேன். பிறகு லாக் புக்கில் எழுதினான்: காற்றில், 532 லேசர், 50 மைக்ரோவாட் (அக்கா), சேதம்.

யார் எடுத்த அளவீடோ அவர் பேரைப் பக்கத்தில் எழுதுவது எங்கள் லேபில் வழக்கம். அதனால் அந்த அடைப்புக்குறிக்கு எந்த அர்த்தமும் இல்லாமல் இருக்கலாம். "எனக்குத் தெரியாது, அவங்க சொன்னது" என்றும் அதைப் படிக்கலாம். நான் இரண்டு விதமாகவும் படித்திருக்கிறேன், அந்தந்த நாள் மனநிலையைப் பொறுத்து.

அடுத்த வாரம் ஆப்டிகல் டேபிளுக்கு மேலே அவன் கையெழுத்தில் ஒரு தாள் ஏறியது. காற்றில் 10 மைக்ரோவாட்டுக்கு மேல் வேண்டாம். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. லாக் புக்கில் ஆதாரம் இருக்கிறதே. 40க்கு 40 புள்ளி மேப் ஒன்றுக்கு, புள்ளிக்கு 2 விநாடி என்றால் ஒரு மணி நேரத்துக்குள் முடியும். பவரை ஐந்தில் ஒன்றாக்கினால் அதே சிக்னலுக்கு நாலரை மணி நேரம். அத்தனை ராத்திரிகளும் என் கணக்கில்தான் ஏற வேண்டும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அதற்கப்புறம் எங்கள் டேட்டா நன்றாக வந்தது. மெல்லிய அடுக்கில் எக்ஸைட்டான்கள் நெருக்கமாகிவிட்டால் ஒன்றையொன்று மோதி அழித்துக்கொள்ளும். ஒளியாக வர வேண்டியது வெப்பமாகப் போகும். 2015இல் பெர்க்லியில் அலி ஜாவியின் குழு மாலிப்டினம் டைசல்ஃபைடை ஒரு கடும் அமிலத்தில் பதப்படுத்தி, 1 சதவீதத்துக்கும் கீழே இருந்த ஒளித்திறனை 95 சதவீதத்துக்கு மேல் கொண்டுபோனதே, அந்த எண்ணும் குறைந்த பவரில்தான் கிடைக்கும். ஏற்ற ஏற்றச் சரியும். நாங்கள் காரணம் தெரியாமலே சரியான பக்கம் நின்றிருந்தோம். இதழுக்காக எங்கள் பேப்பரை மதிப்பிட்டவர் எங்கள் பவர் கட்டுப்பாட்டைப் பாராட்டி ஒரு வரி எழுதியிருந்தார். நான் அதைப் படித்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை யாரும் இல்லாதபோது சோதித்தும் பார்த்தேன். என்னுடைய உருப்படாத மூன்று ஃப்ளேக், காற்றில், 50 மைக்ரோவாட், ஆளுக்கு ஒரு மணி நேரம். இரண்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. மூன்றாவது மங்கியது. மூன்றும் தாங்கியிருந்தால் குற்றத்தையாவது முழுசாக ஏற்றுக்கொண்டிருப்பேன். மூன்றும் மங்கியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். அந்த மூன்றாவதை இன்னும் டெசிக்கேட்டரில் (ஈரம் படாமல் காக்கும் பெட்டி) வைத்திருக்கிறேன், எதற்கென்று தெரியவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையை லாக் புக்கிலும் எழுதவில்லை.

தவறான எண் எல்லாத் துறையிலும் வருவதுதான் என்று எனக்கே சொல்லிக்கொள்வதுண்டு. 2011இல் சுவிட்சர்லாந்தின் லோசானிலிருந்து ஒற்றை அடுக்கு மாலிப்டினம் டைசல்ஃபைடு டிரான்சிஸ்டர் வந்தபோது எலெக்ட்ரான் மொபிலிட்டி, அதாவது எலெக்ட்ரான் எவ்வளவு சுலபமாக நகரும் என்ற அளவு, குறைந்தது 200 என்றார்கள். மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் மின்முனைகளான மேல் கேட்டும் கீழ் கேட்டும் ஒன்றோடொன்று இணைவதைக் கணக்கில் எடுக்காததால் அது மிகையாக வந்திருக்கிறது என்று 2013இல் ஃப்யூரரும் ஹோனும் எழுதினார்கள். பதிலும் அதே இதழில் வந்தது. அந்த டிரான்சிஸ்டரால் துறை முன்னேறியது, எண்ணும் சரிபார்க்கப்பட்டது. ஆனால் அவர்கள் அளந்த விதத்தைத் திறந்து வைத்திருந்தார்கள், அதனால்தான் இன்னொருவர் உட்கார்ந்து கணக்கைப் போட்டுப் பார்க்க முடிந்தது. என் 50ஐ எவர் உட்கார்ந்து திருத்துவது? அதை எடுத்துக்காட்டாகச் சொல்லவே எனக்குத் தகுதி இல்லை என்றும் தோன்றுகிறது.

அவன் இப்போது வேறு ஊரில் போஸ்ட்டாக். நல்ல லேப். அங்கேயும் 10 மைக்ரோவாட்தான் என்று சிரித்துக்கொண்டே சொன்னான். எல்லாரும் காற்று படாமல் போரான் நைட்ரைடு அடுக்குகளுக்குள் வைத்து மூடுகிற காலத்தில் இதற்கு அவசியமே இல்லை, ஆனாலும் கை போகவில்லையாம்.

போன வாரம் மெசேஜ் அனுப்பியிருந்தான். காற்றில் சேதம் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறானாம், எந்தப் பொருள் எந்தப் பவரில் கெட்டது என்று ஒரு அட்டவணை. லாக் புக்கின் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்ப முடியுமா? எடுத்தேன். காகிதம் பழுத்திருந்தது, பென்சில் அப்படியே இருந்தது. கூட நாலு வரி தட்டச்சு செய்தேன், அழித்தேன், படத்தை மட்டும் அனுப்பினேன்.

அரை மணி நேரத்தில் பதில் வந்தது.

"தேங்க்ஸ்க்கா. டேபிள்ல போடும்போது அந்த பிராக்கெட்டை எடுத்துடலாம்ல?"

இன்னும் பதில் போடவில்லை.