பிரமிட்டுக்குள் இஞ்சி: நான்காவது சுற்று

பிரமிட்டு வடிவக் கூட்டுக்குள் வைத்தால் பொருள் கெடாமல் வற்றும், அதற்குக் கீழ் இருந்தால் தியானம் கூடும் என்கிறார்கள்; அதைத்தான் வீட்டில் சோதித்துப் பார்க்கிறேன். இஞ்சியில் நான்காவது சுற்றும் முடிந்தது, வித்தியாசம் ஒன்றுமில்லை. பத்து கிராம் இஞ்சிச் சீவல் ஏழு நாளில் காட்போட் பிரமிட்டுக்குள் 2.31 கிராமாக வற்றியது, ஒப்பிட வைத்த சாதாரணப் பெட்டிக்குள் 2.28. முதல் சுற்றில் பிரமிட்டுக்குள் இருந்தது சுக்காகி, குசினித் தட்டில் இருந்தது பூஞ்சணம் பிடித்தபோது எனக்கு இரவு நித்திரையே வரவில்லை. ஆனால் தட்டு இருந்தது அடுப்புக்குப் பக்கத்தில், சோற்றுப்பானை ஆவிக்குள். அதை வைத்து எதையும் சொல்ல முடியாது. அதனால்தான் அதே காட்போட்டில், அதே கொள்ளளவில் ஒரு கனசதுரப் பெட்டி செய்தேன். பிரமிட்டு அடி 31.4 செ.மீ., உயரம் 20. அதற்குச் சமமான பெட்டியின் பக்கம் 18.7. இரண்டுக்கும் அடியில் தீப்பெட்டி வைத்து ஒரே அளவு இடைவெளி.

உயிரை வாங்கியது வடக்குத்தான். 1959இல் சவர அலகின் கூர் மங்காமலிருக்க என்று பிரமிட்டுக்குக் காப்புரிமை வாங்கிய செக் நாட்டுக்காரர் கரேல் டிர்பால் தொட்டு எல்லோரும் பக்கங்கள் வடக்கு தெற்காக நிற்க வேண்டும் என்கிறார்கள். கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் மேல்தட்டில் திசைகாட்டியை வைத்தால் ஒரு வடக்கு, ஒரு அடி தள்ளி வைத்தால் இன்னொரு வடக்கு. கொங்கிரீட்டுக்குள் கம்பி. கடைசியில் பழைய சங்கு முறைதான் கைகொடுத்தது: நேரான தடியை நட்டு, சுற்றி வட்டம் கீறி, காலையில் நிழல் நுனி வட்டத்தைத் தொடும் இடத்திலும் பின்னேரம் தொடும் இடத்திலும் புள்ளி வைத்து இணைத்தால் கிழக்கு மேற்கு. நான் செய்தது ஏப்ரல் முதல் கிழமை, சூரியன் உச்சம் கொடுக்கிற நாட்கள். நண்பகலில் தடிக்கு நிழலே இல்லை, பின்னேரமானால் இடி மழை. காலைப் புள்ளி தினமும் கிடைத்தது, அதே நாளின் பின்னேரப் புள்ளி நான்காம் நாள்தான். ஆனால் அந்தக் கோடு விழுந்தபோது வந்த சந்தோஷம்! கைப்பிடிச் சுவரோடு 11 பாகை. அந்தச் சுவரை வைத்தே திசையை அறைக்குள் இறக்கிவிட்டேன்.

தியானத்துக்கு மேல்வீட்டு அண்ணை வந்தார், பல வருடமாகப் பிரமிட்டுக்குக் கீழ் இருந்து பழகியவர். வயர் ஓடுகிற பிளாஸ்டிக் பைப்பில் செய்த பிரமிட்டுச் சட்டத்தைக் கூரையில் கயிற்றில் தொங்கவிட்டு, அவர் கண்ணைக் கட்டியதும் நாணயம் சுண்டி இறக்கினேன் அல்லது மேலேயே விட்டேன். சத்தம் கேட்காமலிருக்க மின்விசிறி. சட்டம் கீழேயா மேலேயா என்று இருபது தரத்தில் பதினொன்று சரியாகச் சொன்னார். மனம் அடங்கியது உண்மை என்றார், நான் நம்புகிறேன், அவர் முகத்திலேயே தெரிந்தது. சட்டம் மேலே இருந்த நாட்களிலும் அப்படித்தான்.

"தம்பி, பிளாஸ்டிக்கில் பிடிக்காது, செம்பு வேணும்" என்கிறார். நியாயமான கேள்வி, பார்த்துவிட வேண்டியதுதான். ஆமர் வீதியில் செப்புக் குழாய் விலை கடைக்குக் கடை மாறுகிறது, நாலு கடை ஏறி இறங்கித்தான் வாங்க வேண்டும். மூட்டு 90 பாகையிலும் 45 பாகையிலும்தான் இருக்கிறது, உச்சிக்கு ஒன்றும் பொருந்தாது. குழாய் நுனியைச் சுத்தியலால் தட்டித் தட்டையாக்கி ஒரே போல்ட்டில் நாலையும் கோக்கிறேன், இரண்டு முடிந்தது, ஒன்று வெடித்துவிட்டது. அடுத்தது நெருப்பில் சூடாக்கித் தட்டப்போகிறேன். இந்த முறை கயிறு மகன் கையில், நான் வெளியே. நாற்பது தரம்.