பாங்காங் ஏரியின் மேலே வந்த வெளிச்சங்கள்: பதிவேட்டை வானத்தோடு ஒத்துப் பார்க்கும் முறை

2012 ஆகஸ்ட் முதல் 2013 பிப்ரவரி வரை லடாக் எல்லையில் ராணுவம் 329 முறை அடையாளம் தெரியாத வெளிச்சங்களைப் பார்த்துக் குறித்துவைத்தது. அதில் 155 பதிவுகள் இந்தியப் பக்கம் ஊடுருவியவை என்ற கணக்கில் சேர்ந்தன. பாங்காங் ஏரிக்கு அருகே தாக்குங்கில் இருந்த இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையினரும் மஞ்சள் நிற உருண்டை ஒன்று சீனப் பக்கத்து அடிவானத்திலிருந்து எழுந்து, மூன்று முதல் ஐந்து மணி நேரம் வரை மெதுவாக நகர்ந்து மறைவதாக எழுதினார்கள். உளவு ட்ரோன் என்ற சந்தேகம் வலுத்தது. கடைசியில் பெங்களூருவில் உள்ள இந்திய வான் இயற்பியல் மையத்திடம் கேள்வி போனது. நம் காவலூர் தொலைநோக்கியையும் லடாக்கின் ஹன்லே ஆய்வகத்தையும் நடத்துவது அந்த மையம்தான். கேட்டது ஒன்றே ஒன்று: இது வானத்துப் பொருளா, பூமியைச் சேர்ந்ததா? மாலை ஆறு மணியளவில் தெரிவது வியாழன், அதிகாலை நான்கு மணியளவில் தெரிவது வெள்ளி என்று பதில் வந்தது. 2013 ஜூலையில் செய்தித்தாள்களில் வெளியானது.

அந்தப் பதிலை எட்டும் வழியை வீட்டுக் கணினியிலேயே நடந்து பார்க்கலாம். எந்த இடத்திலிருந்தும் எந்த நேரத்திலும் வானம் எப்படித் தெரியும் என்று காட்டும் ஸ்டெல்லேரியம் என்ற இலவச மென்பொருளில் நாங்கள் செய்து பார்த்த விதம் இது. எங்கே வழுக்கும் என்பதையும் சேர்த்தே சொல்கிறோம், ஏனென்றால் வழுக்கும் இடங்கள் அதிகம்.

முதலில் இடம். எஃப்6 விசையை அழுத்தி 33.7 பாகை வடக்கு, 78.7 பாகை கிழக்கு, உயரம் 4,300 மீட்டர் என்று கொடுங்கள். ஆயத்தொலைவில் பத்தில் ஒரு பங்கு பாகை பிசகினால் எழும் நேரத்தில் அரை நிமிடம்கூட மாறாது. ஆனால் நேர மண்டலத்தில் கவனம் வேண்டும். ஏரியின் பெரும்பகுதி திபெத்துக்குள் நீள்கிறது. வரைபடத்தில் விரலை வைத்து இடத்தைத் தேர்ந்தால் மென்பொருள் சீன நேரத்தை எடுத்துக்கொள்ளலாம். இந்திய நேரத்தைவிட அது இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுவது. இந்த ஒரு பிசகு போதும், ஒரு கோளும் ஒரு பதிவோடும் பொருந்தாமல் போய், "அப்படியானால் இது கோள் இல்லை" என்று தப்பான முடிவுக்குப் போய்விடுவோம். கொல்கத்தா நேர மண்டலத்தைக் கையால் தேர்ந்து வையுங்கள்.

அடுத்து எஃப்5-இல் தேதியும் நேரமும். இசட் விசையை அழுத்தினால் திசைக்கோணமும் உயரக்கோணமும் காட்டும் வலை விரியும். எஃப்3-இல் வியாழனைத் தேடிப் பிடித்துக்கொண்டு, சமக்குறி (=) விசையால் ஒவ்வொரு நாளாக முன்னேறுங்கள்.

2012 நவம்பர் 15 அன்று வியாழன் மாலை 6.25-ஐ ஒட்டி எழுகிறது, வடக்கிலிருந்து வலஞ்சுழியாக எண்ணினால் சுமார் 64 பாகையில், அதாவது வடகிழக்குக்கும் கிழக்குக்கும் நடுவில். டிசம்பர் 3-இல் வியாழன் சூரியனுக்கு நேர் எதிரே வருகிறது. அன்று மாலை 5.05-க்கே எழுந்துவிடுகிறது. பதினெட்டு நாளில் 80 நிமிடம், நாளுக்கு நாலரை நிமிடம் முந்துகிறது. வெள்ளி நவம்பர் 15 அன்று அதிகாலை 4.15-ஐ ஒட்டி, 98 பாகையில், ஏறக்குறைய நேர் கிழக்கில் எழுகிறது. டிசம்பர் 15-இல் அது 5.15 ஆகிவிடுகிறது. நாளுக்கு இரண்டு நிமிடம் பிந்துகிறது. ஒரு வெளிச்சம் தினமும் முந்த, இன்னொன்று தினமும் பிந்த, இரண்டும் கடிகாரம் போல ஒழுங்காக நடந்தால், யாரும் ஏவி நடப்பதல்ல அது. ட்ரோன் ஓட்டுபவர் எவரும் தினமும் நாலரை நிமிடம் முன்னதாகக் கிளப்ப மாட்டார்.

இந்த நகர்வைப் பார்க்க ஒரு நாள் பதிவு உதவாது. ஏழு நாளாவது வேண்டும். வியாழன் விஷயத்தில் ஒரு வாரத்தில் அரை மணி நேரம் மாறிவிடும், அது கைக்கடிகாரத்திலேயே தெரியும். "மாலை ஆறு மணி சுமாருக்கு" என்று எழுதினால் அந்த அரை மணி நேரம் அதிலேயே கரைந்துபோகும். நிமிடம் வரை எழுத வேண்டும்.

இங்கே மலை குறுக்கே வருகிறது. மென்பொருள் தட்டையான அடிவானத்தை வைத்துக் கணக்கிடுகிறது. பாங்காங்கைச் சுற்றியோ முகடுகள். எட்டு கிலோமீட்டர் தள்ளி 1,100 மீட்டர் உயர்ந்து நிற்கும் முகடு உயரக்கோணத்தில் எட்டு பாகையை அடைத்துக்கொள்ளும். அந்த அகலாங்கில் வியாழன் மணிக்குச் சுமார் 11 பாகை வீதம் மேலேறுகிறது, ஆக முகட்டைத் தாண்டித் தலைகாட்ட முக்கால் மணி நேரம் தாமதமாகும். இந்தத் தாமதத்தை எல்லா நாளுக்கும் ஒரே அளவாகக் கூட்ட வேண்டும். காவல் சாவடியை ஐந்நூறு மீட்டர் நகர்த்தினால்கூட முகட்டின் வெட்டு மாறும், தாமதமும் மாறும். இரண்டு சாவடிகளின் பதிவுகளை ஒரே பட்டியலில் கலந்தால் ஒழுங்கான நகர்வு குழம்பிப்போவது இதனால்தான். சாவடி வாரியாகப் பிரித்துவைத்துப் பாருங்கள்.

திசையை அளக்க ராணுவத் திசைகாட்டி போதும், ஆனால் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டோ வண்டியின் பானெட்டில் வைத்தோ அளக்கக் கூடாது; இரும்பு ஊசியை இழுக்கும். ராணுவத் திசைகாட்டி பெரும்பாலும் மில் அளவில் இருக்கும், முழு வட்டத்துக்கு 6,400. அதைப் பாகையாக்க 17.8-ஆல் வகுக்க வேண்டும். எந்த அளவில் எழுதினோம் என்பதைத் தலைப்பிலேயே போட்டுவிடுவது நல்லது. உயரக்கோணத்துக்குக் கருவி இல்லாவிட்டால் நீட்டிய கையின் மூடிய முஷ்டி பத்து பாகை, சுண்டுவிரல் ஒரு பாகை.

பொருள் அருகில் இருக்கிறதா, தூரத்திலா என்பதற்கு இதைவிட எளிய சோதனை உண்டு. பத்து கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு சாவடிகள், வயர்லெஸ்ஸில் பேசிக்கொண்டு, ஒரே நொடியில் திசை எடுக்க வேண்டும். பொருள் 50 கிலோமீட்டரில் இருந்தால், சாவடிகளை இணைக்கும் கோட்டுக்குச் செங்குத்தான பக்கத்தில், இரண்டு அளவுகளும் 11 பாகை வேறுபடும். 500 கிலோமீட்டர் என்றால் ஒரு பாகை. கோள் என்றால் வேறுபாடே இருக்காது. பக்கத்திலேயே நட்சத்திரம் ஒன்று தெரிந்தால் திசைகாட்டியும் வேண்டாம். அந்த ஆண்டு வியாழன் ரோகிணி நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் நின்றது. இரண்டு சாவடியிலிருந்தும் அது ரோகிணிக்கு அதே பக்கம், அதே தூரத்தில் தெரிகிறதா என்று கேட்டாலே போதும்.

ராணுவம் மலைமேல் நடமாடும் ரேடாரையும் அலைவரிசை அளவியையும் கொண்டுபோய் வைத்தது. கண்ணுக்குத் தெரிந்த பொருள் ரேடாரில் விழவில்லை, ரேடியோ சமிக்ஞையும் இல்லை. உலோகம் இல்லாத பொருளாக இருக்கும் என்ற ஊகம் அதிலிருந்து பிறந்தது. எல்லைப் படை ட்ரோன் ஒன்றைப் பொருளை நோக்கி அனுப்பியது. அதன் உச்ச உயரம் எட்டியும் அருகே போக முடியவில்லை. எங்கள் பார்வையில் விசாரணை தடுமாறிய இடம் இதுதான். எதிரொலி வரவில்லை என்றால் உலோகம் இல்லை என்பது ஒரு காரணம் மட்டுமே, எட்டாத தூரம் என்பது இன்னொன்று. டிசம்பர் 2012-இல் வியாழன் சுமார் 61 கோடி கிலோமீட்டரில் இருந்தது. ரேடார் அலை போய்த் திரும்பவே ஒரு மணி எட்டு நிமிடம் ஆகும். ரேடாரை மலையேற்றும் முன் ஒரு வாரப் பதிவைத் திசைக்கோணத்தோடு எடுத்திருந்தால் அந்த உழைப்பு மிச்சமாகியிருக்கும்.

விடிவெள்ளியைத் தெரியாத சிப்பாய்களா என்று கேட்பது நியாயமில்லை. அவர்கள் ஊரில் பார்த்த விடிவெள்ளி வேறு. அடிவானத்திலிருந்து ஐந்து பாகை உயரத்தில் ஒளி, தலைக்கு மேலே கடப்பதைப் போல் பத்து மடங்கு காற்றைக் கடந்து வருகிறது. தூசு நிறைந்த சமவெளியில் தோராயமாகப் பதினாறில் ஒரு பங்குதான் கண்ணுக்கு எட்டும். 4,300 மீட்டரில் காற்றழுத்தம் 600 மில்லிபார்தான், காற்றும் வறண்டது. நாலில் ஒரு பங்கு வந்துவிடும். முகட்டைத் தாண்டிய கணமே முழு வெளிச்சத்தோடு குதித்து வருகிறது. இருட்டில் தனி ஒளியை உற்றுப் பார்த்தால் சில நொடிகளில் அது அசைவதாகவே மூளை சொல்லும். இதைத் தடுக்க ஒரு கம்பையோ கூடாரக் கயிற்றையோ அசையாமல் நிறுத்தி, அதன் விளிம்புக்கு நேராக வைத்துப் பாருங்கள். கேமராவை முழுதாக ஜூம் செய்தால் குவியம் தவறி ஒளி வட்டத் தட்டாகும். இரவுப் பார்வைக் கருவியில் ஊதிப் பெருத்துத் தெரியும். வடிவத்தைப் பற்றிய குறிப்பு எதையும் இந்த இரண்டிலிருந்தும் எடுக்காதீர்கள்.

எல்லாப் பதிவும் இரண்டு கோள்களில் அடங்கியாக வேண்டும் என்றும் பிடிவாதம் பிடிக்கக் கூடாது. பத்து நிமிடத்துக்குள் வானத்தைக் கடந்துவிட்டால் செயற்கைக்கோளாகப் பாருங்கள், நடுவானில் சட்டென்று மங்கினால் பூமியின் நிழலுக்குள் போயிருக்கும். சிவப்பும் பச்சையும் அடிவானத்தருகே மாறி மாறி மின்னினால் பெரும்பாலும் பிரகாசமான நட்சத்திரம். உயர்ந்த பிறகு நிறம் நின்றுவிடுகிறதா என்று அரை மணி நேரம் காத்திருந்து பாருங்கள். அடையாளம் தெரியாத பறக்கும் பொருள்களை ஆராய அமெரிக்க விமானப்படை 1969 வரை நடத்திய புளூ புக் திட்டத்தில் 12,618 பதிவுகளில் 701 விடையில்லாமல் நின்றன. தகவல் போதாதவற்றுக்கு அங்கே தனி வகை இருந்தது. அந்த வகையை நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். நேரமும் திசையும் இல்லாத பதிவை அதில் போட்டுவிட்டு, அதே சாவடியில் அடுத்த இரவு அதே நேரத்துக்குக் கால் மணி முன்பே ஆள் நிறுத்துங்கள்.