சோயா எண்ணெய்ப் போத்தலும் அம்மாவின் மூக்கும்

போன கிழமை பரந்தன் பக்கம் போய்விட்டு வரும்போது ஒரு லீற்றர் சோயா எண்ணெய் வாங்கி வந்தேன். தேங்காய் விற்ற விலையில் தேங்காய் எண்ணெயை நினைத்தும் பார்க்க முடியவில்லை, அதுதான் காரணம், வேறு கொள்கை ஒன்றும் இல்லை. அம்மா மூடியைத் திறந்து மணந்து பார்த்தார். "உதிலை ஒரு மணமும் இல்லையே, உது எண்ணெயோ பச்சைத்தண்ணியோ?" என்றார். 2009இல் முகாமில் நிவாரண எண்ணெய் தந்தபோதும் இதே மாதிரித்தான் மணந்து பார்த்தார். ஆனால் அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை, கேட்கிற நிலையிலும் இல்லை.

பக்கத்து வளவு மாமா வந்தார். போத்தலைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. "தம்பி, உது மரபணு மாத்தின சாமான், பிள்ளையளுக்குக் குடுத்துப்போடாதை." சரி என்று தலையாட்டினேன். அன்று மத்தியானம் அவர் வீட்டுக் குசினியிலிருந்து வேலி தாண்டி வந்தது சோயா மீட் கறி மணம்!

மாமாவை நக்கலடிக்க இதை எழுதவில்லை. அவர் பயம் வேறு சட்டிக்குப் போக வேண்டியது, அவ்வளவுதான். சோயா அவரையில் எண்ணெய் ஐந்தில் ஒரு பங்குகூட முழுதாக வராது, எள்ளில் என்றால் பாதிக்குப் பாதி. அதனால் செக்கில் ஆட்டிக் கட்டாது, பெரிய ஆலைகளில் ஹெக்சேன் என்ற கரைப்பானை விட்டு எண்ணெயைக் கரைத்தெடுத்து, பிறகு நிறம் நீக்கி மணம் நீக்கித்தான் போத்தலில் அடைக்கிறார்கள். மரபணுவும் புரதமும் அந்த எண்ணெயில் அநேகமாக மிஞ்சுவதே இல்லை. அவை இருப்பது எண்ணெய் எடுத்த மிச்சத்தில். அந்த மிச்சம்தான் மாவாகிச் சோயா மீட் ஆகிறது, கோழித்தீனுக்கும் போகிறது. மாமா பயப்படுவதாக இருந்தால் அவருடைய கறிச்சட்டிக்குத்தான் பயப்பட வேண்டும். நான் அதற்கும் பயப்படவில்லை, ஆனால் அது என் பாடு.

எனக்குக் கோபம் வருகிற இடம் வேறு. 1996இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த மரபணு மாற்றிய சோயா எதற்காக மாற்றப்பட்டது தெரியுமா? கிளைபோசேட் என்ற புல்லு மருந்தை அடித்தாலும் பயிர் சாகாமல் புல் மட்டும் சாக வேண்டும் என்பதற்காக. இன்றைக்கு அமெரிக்கா, பிரேசில், ஆர்ஜன்ரீனா மூன்றிலும் விளைகிற சோயாவில் பத்தில் ஒன்பதுக்கு மேல் மாற்றிய விதைதான். இங்கே இலங்கையில் 2015இல் சிறுநீரக நோயைக் காரணம் காட்டி அதே கிளைபோசேட்டைத் தடை செய்தார்கள். 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் விட்டுக்கொடுத்தார்கள், நெல்லுக்கு இல்லை. வரம்புப் புல்லைக் கையால் செருக்கி மாமாவின் இடுப்பு போனது அந்த வருடங்களில்தான். அப்போது எங்கள் வயலில் அடிக்கக்கூடாதென்றிருந்த மருந்தை யாரோ ஒருவர் வயலில் அடித்து விளைவித்த சாமான் எங்கள் கடைக்கு வர ஒரு தடையும் இருக்கவில்லை.

லேபலில் போட்டால் தெரிந்துகொள்ளலாமே என்பீர்கள். 2001இல் மரபணு மாற்றிய உணவை அடியோடு தடுக்க இலங்கை வெளிக்கிட்டது, வெளியிலிருந்து நெருக்குதல் வர, அது காலவரையறை இல்லாமல் தள்ளிப்போனது. பிறகு 2006இல் அனுமதியும் லேபலும் வேண்டும் என்று ஒழுங்குவிதி கொண்டுவந்தார்கள். நான் வாங்கின போத்தலைக் கண்ணாடி போட்டுக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். கொலஸ்ட்ரோல் இல்லை என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது (எந்தத் தாவர எண்ணெயில்தான் இருக்கிறது?), விதையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

சூழல் கதைக்கு வந்தால் இன்னும் சிக்கல். 2021 ஏப்ரலில் காட்டையும் மண்ணையும் காக்கவென்று பாம் எண்ணெய் இறக்குமதியை நிறுத்தப்போவதாக அறிவித்தார்கள். ஆனால் ஒரு ஹெக்டேயரில் பாம் எண்ணெய் மூன்று தொன்னுக்கு மேல் வரும், சோயா அரைத் தொன் வந்தாலே பெரிய விசயம். அதைவிட்டு இதை வாங்கினால் நிலம்தான் கூடத் தேவைப்படும், அந்த நிலம் பிரேசிலில் காடாக இருந்த நிலமாகவும் இருக்கலாம். அதே கையோடு இரசாயன உரத்தையும் நிறுத்தி, பயிரை மஞ்சளாக்கி, நவம்பரில் பின்வாங்கினார்களே, அதற்குப் பிறகு இங்கே யாரிடமாவது "இயற்கைக்கு உகந்தது" என்று சொல்லிப் பாருங்கள். சிரிப்பார்கள், இல்லாவிட்டால் ஏசுவார்கள்.

அப்புறம், அந்த எண்ணெய்க்கு என்ன நடந்தது? மூன்றாம் தரம் வடை பொரிக்கத் தாச்சியை வைத்தபோது அம்மா திரும்பவும் மூக்கைச் சுருக்கினார். "மீன் மணக்குதடா." அவர் சொன்னது சரிதான். சோயா எண்ணெயில் லினோலெனிக் அமிலம் என்ற கொழுப்பமிலம் அதிகம், காற்றும் சூடும் பட்டால் கெட்டு அப்படித்தான் மணக்கும். முன்பு இதைத் தவிர்க்க ஐதரசன் ஏற்றினார்கள், அதில் இதயத்துக்குக் கூடாத டிரான்ஸ் கொழுப்பு வந்து சேர்ந்தது. இப்போது மரபணுவைத் திருத்தியே, சூட்டில் எளிதில் கெடாத ஒலெயிக் அமிலத்தைக் கூட்டின சோயா வந்திருக்கிறது, 2019இல் அமெரிக்காவில் அந்த எண்ணெய் விற்பனைக்கும் போனது. இதை விளங்கப்படுத்தினேன். அம்மா ஒரே கேள்விதான் கேட்டார்: "அது இஞ்சை வருமோ, என்ன விலை?" புல்லு மருந்துக்காக மாற்றின விதைக்கும் பொரிக்கிற எண்ணெய்க்காக மாற்றின விதைக்கும் உள்ள வித்தியாசத்தை மாமாவைவிட அம்மா கெதியாகப் பிடித்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

மாமா வருடா வருடம் எள்ளு விதைக்கிறவர். முழுவதையும் வியாபாரிக்குக் கொடுத்துவிட்டு, கடையில் வாங்குகிற மலிவு எண்ணெயில்தான் அவர் வீட்டில் பொரியல். நல்லெண்ணெய் சாமி விளக்குக்கும் சனிக்கிழமை முழுக்குக்கும் மட்டும். இந்த முறை அரை மூட்டை வீட்டுக்கென்று வைத்திருக்கிறாராம், செக்குக்குக் கொண்டுபோக என் மோட்டார் சைக்கிளைக் கேட்டிருக்கிறார். ஒரு போத்தல் எனக்கு என்று பேச்சு.